மிளகாய் வந்த வரலாறும் அதனைக் காக்கும் வழியும்

நாம் அன்றாடம் உண்ணும் உணவின் வரலாற்றை ஆராயப் புகின் வியப்புறத்தக்க செய்திகள் பல புலனாகும். தொன்றுதொட்டு நம் முன்னோர் உண்டு வந்தவை என்று நாம் உறுதியாக எண்ணியிருக்கும் பொருள்களுள் சில, ஐந்நூறு ஆண்டுகளுக்கு உட்பட்டே இந்நாட்டிற்கு வந்தவை. அவற்றுள் தலையாயது மிளகாய். குழம்பும் ஊறுகாயும் துவையலும் மிளகாயின்றி இல்லை என்னும் நிலையில் இன்று நாம் வாழ்கின்றோம். ஆயினும் சோழப் பெருவேந்தரோ, அவர் அவைக்களப் புலவரோ மிளகாயைக் கண்ணாலும் கண்டவரல்லர்.

சித்தூரிலும் திருப்பதியிலும் ரேணிகுண்டாவிலும் அலுவலின் பொருட்டுக் குடியேறி, காலனிகளில் கூடி வாழும் தமிழ்க் குடும்பங்களாகிய நமக்கு, குடியேறி வந்து நிலைத்த இப்பொருளின் கதை தனி உறவுடையது. வந்த வரலாற்றோடு, அதன் விளைவு பெருகிய வகையையும், தரம் காக்கும் நெறியையும், கெடாது சேமிக்கும் முறையையும் நம் சங்கத்து ஆண்டு மலர் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

மிளகு ஆண்ட காலம்

பழந்தமிழர்க்குக் காரம் என்றால் மிளகே. சங்க நூல்கள் அதனைக் 'கறி' என்று வழங்கும். நாம் வாழும் இவ்வேங்கடம் தமிழகத்தின் வடவெல்லையாக விளங்கியது என்பது யாவரும் அறிந்ததே. அம்மலைமேல் எழுந்த திருக்கோயிலின் சுவர்களில் ஆயிரத்திற்கு மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. 1930களில் தேவஸ்தானத்தார் அவற்றைத் தொகுதிகளாக அச்சிட்டு வெளியிட்டனர். விஜயநகர வேந்தர் காலத்துக் கல்வெட்டுகளில், திருவமுதுக்கு அளக்கவேண்டிய அரிசி, பயறு, நெய், வெல்லம், உப்பு, தயிர் என்று ஒவ்வொன்றும் அளவோடு குறிக்கப்பட்டுள்ளது. அப்பட்டியல்களில் காரத்திற்கு வரும் பொருள் மிளகேயாகும்.

கிருஷ்ணதேவராயர் ஆட்சி புரிந்தது 1509 முதல் 1529 வரை. அவர் அரியணை ஏறிய மறு ஆண்டாகிய 1510இல் போர்த்துகீசியர் கோவாவைக் கைப்பற்றினர். மலைமேல் மிளகின் அளவு கல்லில் பொறிக்கப்பட்ட அதே நூற்றாண்டில், மேலைக் கடற்கரையில் மிளகாய் வந்து இறங்கியது என்பது கருதத்தக்கது.

கடல் கடந்து வந்த விருந்து

மிளகாயின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மெக்சிகோவிலும் தென்னமெரிக்காவிலும் 6,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் அதனைப் பயன்படுத்தினர் என்பதற்கு அகழ்வுச் சான்றுகள் கிடைத்துள்ளன. மிளகைத் தேடிக் கப்பலேறிய கொலம்பஸ் 1492இல் அங்கே கண்டது மிளகன்று. காரமான ஒரு காய். ஆயினும் அதற்கும் மிளகின் பெயரையே சூட்டினர். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டிற்கு வந்த பின்னர், பிரேசிலுக்கும் கோவாவுக்கும் இடையே போர்த்துகீசியக் கப்பல்கள் போய்வந்தன. அவ்வழியே மிளகாயும் வந்தது.

வந்த விருந்துக்கு நம் நாட்டார் இட்ட பெயரைக் காண்மின்! தமிழர் 'மிளகு போலும் காய்' என்னும் பொருள்பட மிளகாய் என்றனர். தெலுங்கில் மிளகு மிரியம், மிளகாய் மிரபகாய. கன்னடத்தில் மிளகு மெணசு, மிளகாய் மெணசினகாயி. மூன்று மொழியாரும், தம்முள் கலந்து பேசி முடிவு செய்தாற்போல, பழகிய பெயரையே புதியதற்கு அளித்தனர். ஊர் பெயர்ந்து வந்தவனை உறவுமுறை சொல்லி அழைத்து உட்கார வைப்பது போன்றதன்றோ இது?

மிளகாய் இத்துணை விரைவில் பரவியதற்குக் காரணம் உண்டு. மிளகுக்கொடி மலைச்சாரலின் மழையையும் நிழலையும் வேண்டுவது. பலன் தரச் சில ஆண்டுகள் செல்லும். மிளகாய்ச் செடியோ சமவெளியிலும், கரிசலிலும், செம்மண்ணிலும் வளரும். நட்ட மூன்று திங்களில் காய்க்கும். செல்வரின் பொருளாயிருந்த காரம் ஏழையின் கூழுக்கும் கிட்டியது. அதுவே அதன் வெற்றி.

விளைவு பெருகிய வகை

1911இல் வடவார்க்காடு, கடப்பை மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தைச் சார்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி தமிழகத்தோடு இணைந்தது. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினும் மண் மாறவில்லை. பலமனேர், குப்பம் முதலிய மேட்டு நிலங்களில் தக்காளியோடு பச்சை மிளகாயும் பயிராகிறது. வற்றல் மிளகாய்க்கோ வடக்கேயுள்ள குண்டூரே தலைநகர். உலகில் உலர்மிளகாயை மிகுதியாக விளைவிப்பதும் ஏற்றுமதி செய்வதும் இந்தியாவே. இந்தியாவில் முன்னிற்பது ஆந்திரமே.

உழவர் பண்டைக்காலத்தில் விதை தேர்ந்த முறை எளியது. நல்ல செடியின் நல்ல பழத்தைக் கிள்ளி, உலர்த்தி, அடுத்த ஆண்டிற்கு வைத்தனர். இம்முறையில் ஒரு குறையுண்டு. மிளகாய்ப் பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்வதெனினும், தேனீக்கள் அயற்செடியின் மகரந்தத்தையும் கொணரும். ஆகவே பல வகைகள் அடுத்தடுத்துப் பயிரானால் விதை கலப்புறும். சில ஆண்டுகளில் இனம் சீர்கெடும். இது கருதியே விதைப்பயிரை ஏனைய மிளகாய் வயல்களினின்று 200 முதல் 400 மீட்டர் விலக்கி நடவேண்டும் என்று விதி வகுத்துள்ளனர்.

ஆராய்ச்சியாளர் செய்தது, உழவர் செய்ததையே ஒழுங்குபடுத்தியதாகும். ஒரே செடியின் வழித்தோன்றல்களைப் பல தலைமுறை தனித்து வளர்த்து, கலப்பற்ற இனத்தைப் பிரித்தெடுத்தனர். குண்டூரை அடுத்த லாம் பண்ணையில் இங்ஙனம் தோன்றியவை 'ஜி' வரிசை இனங்கள். அவற்றுள் நான்காவதற்குப் பாக்கியலட்சுமி என்றும், ஐந்தாவதற்கு ஆந்திர ஜோதி என்றும் பெயர். பின்னர் வந்த எல்.சி.ஏ. 334 என்னும் இனம் பரவலாகப் பயிராயிற்று. தமிழகத்தில் கோவில்பட்டி நிலையம் கே 1, கே 2 ஆகிய இனங்களை அளித்தது. கே 2 இனத்தின் பெற்றோருள் ஒன்று நம் சாத்தூர்ச் சம்பா. பெங்களூர்த் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் ஆர்க்கா லோகித், ஆர்க்கா மேகனா முதலியவற்றை வெளியிட்டது.

வீரிய ஒட்டு விதைகள் மிகு விளைவு தருவன. எனினும் அவற்றின் பழத்திலிருந்து எடுத்த விதை தாய்ச்செடியின் குணத்தை முழுமையாகத் தாராது. எனவே ஆண்டுதோறும் விலைகொடுத்து வாங்குதல் வேண்டும். விதை உழவனின் குதிரிலிருந்து கடைக்காரரின் பேரேட்டிற்கு இடம் பெயர்ந்தது என்பது இவ்வரலாற்றின் ஒரு பகுதி.

நல்ல விதையொன்றே போதாது. நாற்றங்காலில் 40 நாள் வளர்ந்த நாற்று நடுவதற்கு ஏற்றது. நீர் தேங்கினால் வேர் அழுகும். நீர் குன்றினால் பூ உதிரும். இரவும் பகலும் வெப்பம் மிகுந்தாலும் பூ உதிரும். சொட்டுநீர்ப் பாசனம் இவ்விரு குறையையும் தவிர்ப்பதால், நீர் அருகிய சித்தூர் மேட்டு நிலங்களுக்கு மிகப் பொருத்தமானது.

பயிரின் பகைகள்

1913இல் சிடோ என்னும் அறிஞர், கோயம்புத்தூரில் கிடைத்த மிளகாயில் நுனிக்கருகலையும் பழ அழுகலையும் உண்டாக்கும் காளானை முதன்முதலாக விவரித்தார். இந்நோய் விதையோடும் பரவும். ஆதலின் விதையை நேர்த்தி செய்து விதைக்குமாறு வேளாண்துறையார் இன்றும் வற்புறுத்துகின்றனர். இலைகளை மேற்புறம் சுருட்டும் இலைப்பேனும், கீழ்ப்புறம் சுருட்டும் சிலந்திப்பேனும் பழைய பகைகள்.

புதிய பகையொன்று அண்மையில் வந்தது. தென்கிழக்காசியாவைச் சார்ந்த ஒருவகை இலைப்பேன் 2015இல் பெங்களூரில் பப்பாளிச் செடியில் காணப்பட்டது. 2021ஆம் ஆண்டுப் பருவத்தில் அது ஆந்திர, தெலுங்கானா மிளகாய் வயல்களிற் புகுந்து, பூவினுள் கூட்டங்கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சியது. பூ உதிர்ந்தது, காய் பிடிக்கவில்லை. கடன்பட்டு நட்டவர் பலர் செடியைப் பிடுங்கி எறிந்தனர். மருந்தை மேன்மேலும் தெளித்தவர்க்குச் செலவு மிகுந்ததேயன்றிப் பயன் குறைவாயிருந்தது. பூச்சியின் இயற்கைப் பகைகளும் உடன் மடிந்தன. வயலைச் சுற்றிச் சோளமோ மக்காச்சோளமோ வேலிபோல் நடுதல், நீலநிற ஒட்டுப்பொறி வைத்தல், தழைச்சத்தை அளவோடு இடுதல், வேப்பெண்ணெய் தெளித்தல் ஆகிய யாவற்றையும் ஒருங்கே, ஊரார் கூடிச் செய்தல் வேண்டும் என்பதே அவ்வாண்டு கற்பித்த பாடம்.

காரமும் நிறமும்

மிளகாயின் தரம் இரண்டால் அறியப்படும்: காரம், நிறம். காரத்தைத் தருவது கேப்சைசின் என்னும் பொருள். அது விதையில் உள்ளது என்பர் பலர். உண்மையில் விதைகளைத் தாங்கும் வெண்சதையிலேதான் அது சுரக்கிறது. விதையில் ஒட்டியிருப்பது அதன் பூச்சே. 1912இல் அமெரிக்க மருந்தியலார் வில்பர் ஸ்கோவில், மிளகாய்ச் சாற்றைச் சர்க்கரை நீரில் எத்துணை மடங்கு கலந்தால் காரம் தெரியாது போகும் என்று நாவால் சுவைத்து அளக்கும் முறையை வகுத்தார். இக்காலத்தில் கருவிகள் அளக்கின்றன; ஆயினும் அளவைக்கு அவர் பெயரே நிலைத்துள்ளது. சிவப்பு நிறமோ வேறு பொருள்களால் ஆயது. கர்நாடகத்துப் பியாடகி மிளகாயில் நிறம் மிகுதி, காரம் குறைவு. குண்டூர் சன்னத்தில் காரம் மிகுதி. இராமநாதபுரம் முண்டு மிளகாய் 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

நிறத்தை விரும்பும் ஆசையே தீங்கிற்கும் வாயிலாயிற்று. 2003இல் பிரான்சு நாட்டார், இந்தியாவிலிருந்து சென்ற மிளகாய்ப் பொருளில் 'சூடான் 1' என்னும் சாயத்தைக் கண்டறிந்தனர். மெழுகுக்கும் எண்ணெய்க்கும் நிறமேற்றும் ஆலைச்சாயம் அது; உணவிற் சேர்க்கத் தகாதது. 2005 பிப்ரவரியில் பிரிட்டனில், அச்சாயம் கலந்த மிளகாய்த்தூள் ஒருவகைச் சாற்றில் சேர்ந்து, அச்சாறு பிற உணவுகளிற் சேர்ந்து, 400க்கு மேற்பட்ட உணவுப் பொருள்கள் கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. சிலர் செய்த கலப்படத்தால் நாட்டின் பெயர் கெட்டது. நறுமணப் பொருள் வாரியம் ஏற்றுமதி மிளகாய்க்குக் கட்டாயச் சோதனை விதித்தது. கடல் கடந்து செல்லும் மூட்டைக்குச் சோதனை உண்டு. நம் தெருமுனைக் கடையில் நிறுத்துத் தரும் தூளுக்கு யார் காவல்?

தாய்மார்கள் இதனைக் கருதல் வேண்டும். ஒரு கண்ணாடிக் குவளை நீரில் தூளைச் சிறிது தூவினால், நீரிற் கரையும் சாயம் கோடுகோடாக இறங்கும். செங்கற்பொடி அடியில் நறநறவென்று தங்கும். ஆயின் சூடான் சாயம் எண்ணெயிற் கரைவதாதலின் இச்சோதனையில் அகப்படாது. முழு மிளகாயாக வாங்கி, வெயிலிற் காயவைத்து, மில்லில் நம் கண்முன் அரைத்துக்கொள்வதே உறுதியான காப்பு.

உலர்த்தலும் சேமித்தலும்

பழுத்த மிளகாயில் பெரும்பகுதி நீரே. நூறு கிலோ பழத்தை உலர்த்தினால் கிடைக்கும் வற்றல் ஏறத்தாழ 25 முதல் 35 கிலோ வரையே. நீர் நூற்றுக்குப் பத்து அல்லது பதினொன்று என்னும் அளவிற்குக் குறைந்தாலன்றி வற்றல் கெடாதிராது. பறித்த பழத்தை முதலில் இரண்டு மூன்று நாள் நிழலிற் குவித்து வைத்தால் அரைப்பழங்களும் ஒருசீராகச் சிவக்கும். உடனே கடுவெயிலில் இட்டால் வெண்திட்டு விழும். பின்னர்த் தூய களத்தில் மெல்லிதாகப் பரப்பி, மாலையில் குவித்து மூடி, பனிபடாது காத்தல் வேண்டும். 1950இல் மைசூரில் தொடங்கப்பெற்ற மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், பழத்தை ஒருவகைக் குழம்பில் தோய்த்து உலர்த்தும் முறையைக் கண்டனர். தோலின் மேலுள்ள மெழுகு நெகிழ்வதால் நீர் விரைந்து வெளியேறி, உலரும் காலம் பெரிதும் குறைகிறது.

மண் தரையில் உலர்த்துவதாலும், எடை கூட்டுவதற்காக விற்குமுன் நீர் தெளிப்பதாலும் பூஞ்சணம் பிடிக்கிறது. ஒருவகைப் பூஞ்சணம் அஃப்ளடாக்ஸின் என்னும் நஞ்சை ஈனும். 1960இல் இங்கிலாந்தில் நூறாயிரத்திற்கு மேற்பட்ட வான்கோழிகள் இறந்தபோது, அவை தின்ற நிலக்கடலைப் பிண்ணாக்கிலிருந்து இந்நஞ்சு அறியப்பட்டது. நிலக்கடலைக்குப் பெயர்பெற்ற நம் மாவட்டத்தார்க்கு இச்செய்தி அயலானதன்று. ஈரலைக் கெடுக்கும் இந்நஞ்சு சமைப்பதால் அழியாது. நறுமணப் பொருளில் ஒரு கிலோவுக்கு 30 மைக்ரோகிராமே இந்தியாவில் உச்ச அளவு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 10. ஆகவே பூஞ்சணம் படிந்த வற்றலைத் துடைத்துப் பயன்படுத்துதல் சிக்கனமாகாது, எறிந்துவிடுதலே அறிவுடைமை.

சேமிப்பிடத்தில் மூட்டைகளைத் தரையிலன்றி மரச்சட்டத்தின்மேல், சுவரினின்று விலக்கி அடுக்கல் வேண்டும். ஒளியும் வெப்பமும் பட்டால் சிவப்பு மங்கிப் பழுப்பாகும். இதனாலேயே குண்டூரைச் சுற்றி நூற்றுக்கு மேற்பட்ட குளிர்சேமிப்புக் கிடங்குகள் எழுந்தன. 10 பாகை செண்டிகிரேடுக்குக் கீழ்ப்பட்ட குளிரில் வற்றல் ஓராண்டும் நிறம் மாறாதிருக்கும்.

பச்சை மிளகாயின் நிலை வேறு. அது பறித்த பின்னும் உயிர்ப்புடையது, மூச்சு விடுவது. பார்சல் அலுவலகத்தில் இருபதாண்டு பணிபுரியும் நாம் கண்ட ஒன்றைக் கூறுவோம். சாக்கில் அடைத்து இரவு முழுவதும் கிடந்த பச்சை மிளகாய் மூட்டையின் நடுவே கையை நுழைத்தால் வெதுவெதுப்புத் தெரியும். அவ்வெப்பமே அழுகலின் தொடக்கம். காற்றுப் புகும் பிளாஸ்டிக் கூடைகளில், விடியலிற் பறித்து நிழலிற் குளிர்வித்து அனுப்பினால் இழப்புக் குறையும். 7 முதல் 10 பாகை குளிரும் ஈரக்காற்றும் இருப்பின் இரண்டு மூன்று வாரம் தாங்கும். அதனினும் குளிர்ந்தால் தோலில் குழி விழும், விதை கறுக்கும். வீட்டில், கழுவாது, காம்பு நீக்கி, ஈரமின்றித் துடைத்து, பருத்தித் துணியோ தாளோ விரித்த மூடிய பெட்டியில், குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தல் நன்று. அழுகல் காம்பிலேதான் தொடங்கும்.

விலையும் வாழ்வும்

விளைவு பெருகினால் உழவன் வாழ்வு உயரும் என்று எண்ணுவது இயல்பு. வரலாறு அவ்வாறு கூறவில்லை. 2017இல் மிளகாய் மிகுதியாக விளைந்து விலை வீழ்ந்தது. குவிண்டாலுக்கு 5,000 ரூபாய் என்று வைத்து மைய அரசு சந்தையில் தலையிட நேர்ந்தது. 2021இல் பூச்சியால் விளைவு குன்றியது. 2025 பிப்ரவரியில் மீண்டும் விலை சரிய, 11,781 ரூபாய் என்று விலை குறித்து அரசு தலையிட்டது. விளைந்தால் விலையில்லை, விலை இருந்தால் விளைவில்லை. பத்து நாள் பொறுத்து விற்கும் ஆற்றல் இருப்பவனே இவ்வலையினின்று தப்புவான். அவ்வாற்றலைத் தருவது நன்கு உலர்ந்த வற்றலும் கைக்கெட்டும் கிடங்குமே. ஈர மிளகாயை வைத்திருப்பவன், வணிகர் கூறும் விலைக்கு அன்றே கொடுத்துவிட்டு வீடு திரும்புகிறான். சேமிப்பு என்பது வெறும் பண்டக் காப்பன்று. உழவனின் பேரம் பேசும் உரிமை.

இவ்விடத்தில் நம் இரயில்வேயின் தொண்டையும் குறித்தல் தகும். 2020 சூலையில், பெருந்தொற்றால் சாலைப் போக்குவரத்துத் தடைப்பட்டபோது, குண்டூரை அடுத்த ரெட்டிபாளையத்திலிருந்து 16 பார்சல் வண்டிகளில் 384 டன் வற்றல் மிளகாய் வங்காள தேசத்துப் பெனாபோலுக்குச் சென்றது. சரக்கு இரயில் முழுவதையும் நிரப்பப் பெருந்திரள் மூட்டை வேண்டும். சிறு உழவர்க்கு அஃது இயலாது. பார்சல் வண்டியோ சிறு தொகையையும் ஏற்கும். டன்னுக்குச் சாலைவழி 7,000 ரூபாய் ஆனது. இவ்வழி 4,608 ரூபாயே ஆயிற்று.

நாம் செய்யத்தக்கது

நம் காலனியார் உழவரல்லர், மாதச் சம்பளக்காரர். ஆயினும் நம்மால் ஆவன உண்டு. பங்குனி, சித்திரைத் திங்களில் பல குடும்பத்தார் கூடி, ஆண்டுக்கு வேண்டும் வற்றலை உழவரிடமே நேரில் வாங்கலாம். மிகு சிவப்பையும் மினுமினுப்பையும் தேடாது, கையில் எடுத்துக் குலுக்கினால் விதை ஒலிக்கும் நன்கு உலர்ந்த மிளகாயைத் தேடலாம். நாம் நிறத்திற்கு விலைகொடுத்தால் சாயம் வரும். உலர்வுக்கு விலைகொடுத்தால் உலர்ந்த மிளகாய் வரும். ஊரில் நிலம் வைத்திருக்கும் அண்ணன் தம்பியர்க்கும் மாமன்மார்க்கும் விடுமுறையிற் செல்லும்போது இச்செய்திகளைக் கூறலாம்.

அயல் மண்ணிலிருந்து வந்த மிளகாய், வந்த இடத்து மண்ணிற் காலூன்றி, அவ்விடத்தார் பெயரை ஏற்று, அவர் உணவிற்குச் சுவை கூட்டியது. தன் காரத்தை மட்டும் கைவிடவில்லை. குடியேறி வாழும் நாமும் இவ்வூரார்க்குப் பயன்பட்டு, நம் தமிழையும் கைவிடாது வாழ்வோமாக.

வாழ்க உழவர்! வளர்க நம் சங்கம்!